முந்தி வரும் பந்து

மூன்றாவது செட் தொடங்கும்போது ஜெபக்கனிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. விடியற்காலையில் தூத்துக்குடியில் பஸ் ஏறுமுன் தின்ற இரண்டு இட்லி எந்த ஊரில் இறங்கிக்கொண்டதோ தெரியவில்லை. தென்காசியில் இந்தக் கல்லூரி மைதானத்துச் சிமெண்டுப் படியில் வந்து உட்கார்ந்து மூன்று மணி நேரமாகிறது. வெயிலும் இல்லை மழையும் இல்லை. குற்றாலத்துப் பக்கமிருந்து வருகிற சாரல் காற்று மட்டும் ஓயாமல் அடித்து, கட்டின முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருந்தது. எழுந்துபோய் வாசலில் போடுகிற பருப்பு வடையில் இரண்டைத் தின்றுவிட்டு வரலாம், ஐந்து நிமிஷ வேலை, ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அந்தப் பெண் ஏதாவது செய்து தொலைப்பாள், அதைப் பார்க்காமல் போனால் அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது. அந்தப் பெண் இசக்கிப்பிரியா, பத்தொன்பது வயது, பொதிகை அணியின் செட்டர். வாலிபாலில் செட்டருக்குப் பேர் கிடையாது, வேலைதான் உண்டு. எந்தப் பந்தும் இரண்டாவதாக அவள் கைக்குத்தான் வரும், அதை அடிக்கிறவளுக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டும், அடிக்கிறவள் அடித்துப் பேர் வாங்கிக்கொள்வாள். இந்த வருஷம் இசக்கியால் பொதிகை அணிக்குப் பேரும் கிடைக்கவில்லை, பாயிண்டும் கிடைக்கவில்லை, ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி. இவளை வாங்கிக்கொண்டு, ஐந்து வருஷமாக முத்துநகர் அணியைத் தாங்கி நிற்கிற செட்டர் சுயம்புக்கனியைக் கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி, அதற்கு இன்று பதில் சொல்ல வேண்டியவள் முத்துநகர் அணியின் கோச்சான ஜெபக்கனி. லீக்கில் ஒரு வழக்கம். முதல் சுற்றின் கடைசி ஆட்டம் முடிந்து இரண்டு கேப்டன்களும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆள் மாற்றம் அத்தோடு சரி, அப்புறம் யார் காலில் விழுந்தாலும் நடக்காது. அந்தக் கடைசி ஆட்டம் இதுதான். கீழே மேஜைப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டிருக்கிற தங்கதுரை அண்ணாச்சி, முத்துநகர் அணியை நடத்துகிறவர், பொதிகைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரைமணிக்கொரு தரம் படிகளைப் பார்த்தார். காலையில் பஸ்ஸில் அவர் சொன்னது ஜெபக்கனியின் காதிலேயே உட்கார்ந்திருந்தது. "உன் இஷ்டந்தாம்மா. ஆனா இந்தத் தடவையும் அரையிறுதியோட திரும்பி வந்தோம்னா நான் வேற ஆளப் பாக்க வேண்டியிருக்கும். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத." மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கீழே பந்து இசக்கியின் கைக்குப் போயிற்று. ஒல்லியான உடம்பு, நீளமான விரல், வலதுகைச் சுண்டுவிரலில் பிளாஸ்திரி. பந்து அவள் விரலில் நின்றதா என்றே தெரியவில்லை, தாழ்வாக, வலையை ஒட்டி, விசுக்கென்று போனது. பொதிகையின் கேப்டன் ஹேமா ஓடிவந்து எம்பினாள், கை மேலே போகும்போது பந்து கையைத் தாண்டிவிட்டது, விரல்நுனி பட்டு வெளியே போய் விழுந்தது. எதிரே ஆடுகிற வைப்பாறு அணிக்குப் பாயிண்ட். இசக்கி உடனே வலதுகையைத் தோளுக்கு மேல் தூக்கினாள். அதுவும் ஒரு வழக்கம்தான், யார் தப்போ அவர்கள் கையைத் தூக்கி ஒப்புக்கொள்வது. 'என் தப்பு' என்று வாயால் சொல்வதற்குப் பதில் கை. "பாத்தியளா டீச்சர்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறுமுகநயினார் சார். பெண் கோச் யாராக இருந்தாலும் அவருக்கு டீச்சர்தான். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தப் பக்கம் எந்த ஆட்டம் நடந்தாலும் ஒரு பொட்டலம் வறுத்த பட்டாணியோடு வந்துவிடுவார், பட்டாணி தீரும்வரைக்கும் தீர்ப்பும் தீராது. இன்றைக்கு மட்டும் அந்தப் பிள்ளை பதினாலு தரம் கையைத் தூக்கியாயிற்று என்றார். போன ஆட்டத்தில் இருபது. செட்டர் என்றால் பந்தை உயரத் தூக்கிக் கொடுக்க வேண்டும், அடிக்கிறவள் ஆற அமர வந்து அடிக்க வேண்டும், இது என்ன, பஸ்ஸை விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி எல்லாரையும் ஓடவிடுகிறாள் என்றார். ஜெபக்கனி தலையாட்டினாள். உயரத் தூக்கிக் கொடுத்தால் அடிக்கிறவள் ஆற அமர வருவாள், சரி, தடுக்கிற எதிரணிக்காரியும் ஆற அமர வந்து நிற்பாளே, அதை யார் சொல்வது. சுயம்புக்கனி கொடுப்பது அப்படித்தான், ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரம், கோயில் தேர் அசைந்து வருகிற மாதிரி பந்து இறங்கும், யாரும் அடிக்கலாம், யாரும் தடுக்கலாம். அதனால்தான் மூன்று வருஷமாக அரையிறுதி, மூன்று வருஷமாக அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட். ஆனால் பதினாலு தடவை. "நாம சொன்னா தப்பு. அவளே கையத் தூக்குதாளே, அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் நயினார் சார், பட்டாணியை நீட்டிக்கொண்டே. ஜெபக்கனி ஒரு கை அள்ளிக்கொண்டாள். பசிக்குக் கவுரவம் கிடையாது.

பட்டாணியைக் கடிக்கிற சத்தத்துக்குள் அந்த வாக்கியம் சிக்கிக்கொண்டது. அவளே கையத் தூக்குதாளே. இதை ஜெபக்கனி முன்பே கேட்டிருக்கிறாள், இதே வார்த்தை, வேறு வாய். அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து வடையையும் காற்றையும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஈரோடு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி, மாநில இறுதி ஆட்டம், ஐந்தாவது செட்டு, பதினாலுக்குப் பதினாலு. செட்டர் மரகதம், சாத்தான்குளத்துக்காரி, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில், தேங்காய் எண்ணெயைக் கடன் வாங்கினால் பாட்டிலைத் திருப்பித் தரமாட்டாள். அடிக்கிறவள் ஜெபக்கனி, இருபத்தொரு வயது, பேப்பரில் போட்டோ வந்த திமிர். மரகதம் கொடுத்த பந்து தாழ்வாக, வலையை ஒட்டி, விசுக்கென்று வந்தது. ஜெபக்கனி இரண்டடி பின்னாலிருந்து புறப்பட்டாள். ஏன் பின்னாலிருந்தாள் என்றால் முந்தின பந்தை அடித்துவிட்டு ஜனங்கள் கைதட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அதுதான் உண்மை, அதை இன்றுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, ஆண்டவரிடம் ஜெபத்தில்கூடச் சுற்றிவளைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். பந்து விரல்நுனியில் பட்டு வெளியே போனது. கை தூக்க வேண்டியவள் ஜெபக்கனி. கையைத் தூக்காமல் ஷூ லேஸைப் பார்த்தாள். மரகதம்தான் தூக்கினாள். செட்டர்கள் எல்லாரும் செய்கிற வேலை அது, அடிக்கிறவளுக்கு மனசு உடைந்தால் அடுத்த பந்தை அடிக்கமாட்டாள் என்று எல்லாத் தப்பையும் தன் கையில் வாங்கிக்கொள்வது. அடுத்த பந்திலும் தோற்றார்கள். மறுநாள் அணித் தேர்வில் அப்போதைய கோச் சொன்னார், அவளே கையத் தூக்கிட்டாளேம்மா, நான் என்ன செய்ய. மரகதத்தின் பேர் போயிற்று. ஜெபக்கனி பேர் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் மரகதம் ஒரே ஒரு தடவை, கோபமே இல்லாமல், நேரம் என்ன என்று கேட்கிற குரலில், "நீ லேட்டா வந்த ஜெபா" என்றாள். அப்புறம் அவள் பந்தைத் தொடவில்லை. பிறகு ஒருமுறை நாசரேத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தபோது அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே எப்படி இருக்க என்று கேட்டாள், ஜெபக்கனியும் நல்லா இருக்கேன் என்றாள், ரசம் வந்தது, பேச்சு முடிந்தது.

அப்படியானால் இப்போது பார்ப்பது இசக்கியையா மரகதத்தையா. இங்கேதான் மனசு வந்து வந்து முட்டியது. ஒரு பழைய குறுகுறுப்பைத் தீர்த்துக்கொள்ள முத்துநகர் அணியைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளப் பார்க்கிறாளோ. வாலிபால் கோர்ட் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கிடையாது, முட்டி போட்டுப் பாவமன்னிப்பு கேட்டுவிட்டு எழுந்து போக. பன்னிரண்டு பெண்கள், அதில் நாலு பேருக்கு இந்த வருஷம் நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும் என்று இருக்கிறது. அவர்களிடம் போய், நான் ஈரோட்டில் ஒரு தப்புச் செய்தேன், அதனால் நீங்கள் தோற்றுப்போங்கள் என்று சொல்ல முடியுமா. சுயம்புக்கனியிடம் நேற்றுச் சொன்னபோது அவள் சண்டை பிடித்திருந்தாலாவது தேவலை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தென்காசி என்றால் எனக்கு வீடு பக்கம், பிள்ளையைத் தினமும் பார்க்கலாம், நீங்கள் எது சொன்னாலும் சரி என்றுவிட்டாள். அந்தச் சரி ராத்திரி முழுக்க நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. சுயம்புக்கனியை அனுப்பிவிட்டு இசக்கியைக் கொண்டுவந்து, அவள் அங்கேயும் ஆட்டத்துக்குப் பதினாலு தடவை கையைத் தூக்கினால், அண்ணாச்சி வேறு ஆள் பார்ப்பார், அது போகட்டும், நயினார் சார் மாவட்டம் முழுக்கப் பட்டாணியோடு சேர்த்து இந்தக் கதையையும் விநியோகம் செய்வார். பேசாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன. வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சுயம்புக்கனி தேர் இழுப்பாள், அரையிறுதி வரும், போகும். வேண்டாம் என்பது எவ்வளவு சொகுசான வார்த்தை. ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி. கீழே ஸ்கோர் பத்தொன்பதுக்குப் பதினொன்று, பொதிகை பின்னால். இரண்டு செட்டு ஏற்கெனவே போய்விட்டது, இதுவும் போனால் ஆட்டம் முடிந்தது. வைப்பாறு இருபத்தைந்தைத் தொட இன்னும் ஆறு பாயிண்ட்.

அப்போதுதான் ஹேமாவின் கணுக்கால் பிசகியது. பெரிதாக ஒன்றுமில்லை, உட்கார்ந்து பட்டை சுற்றிக்கொண்டால் போதும். அதுவரைக்கும் பெஞ்சிலிருந்து ஒரு பெண்ணை இறக்கினார்கள். பேச்சியம்மாள் என்று மைக்கில் சொன்னார்கள், நெடுநெடுவென்று வளர்ந்தவள், சட்டைக்குப் பின்னால் நம்பர் பாதி உரிந்திருந்தது. நயினார் சார் அவளைப் பார்த்துவிட்டு, இவள் வந்து நாலு மாசந்தான் ஆகிறது, இன்னும் எங்கே நிற்பது என்றே தெரியாது என்றார். தெரியாததுதான் விசேஷமாகப் போயிற்று. முதல் பந்து இசக்கியின் கைக்கு வருமுன்பே பேச்சி புறப்பட்டுவிட்டாள், பந்து ஏறட்டும், இறங்கட்டும், அப்புறம் போகலாம் என்று யாரும் அவளுக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. பந்து தாழ்வாக, விசுக்கென்று போனது. பேச்சியின் கை அங்கே இருந்தது. சத்தம் படிவரைக்கும் கேட்டது. எதிரணியில் தடுக்க வந்த இரண்டு பேரும் தடுக்கவே இல்லை, ஒருத்தி இன்னும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி பட்டாணியை மெல்ல மறந்தாள். இரண்டாவது பந்து, அதே இடம், அதே சத்தம். மூன்றாவதில் காற்று பலமாக அடித்தது, வைப்பாறு செட்டர் உயரத் தூக்கிய பந்து ஒரு முழம் தள்ளிப்போய் வலையில் விழுந்தது. இசக்கியின் பந்தைக் காற்று தொடவே இல்லை, தொடுவதற்கு அது அங்கே நின்றால்தானே. பதினாலு, பதினைந்து. ஜெபக்கனி இப்போது பந்தைப் பார்க்கவில்லை, இசக்கியின் கண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் பந்து வருமுன் ஒரு தடவை எதிர்ப்பக்கம் பார்க்கிறாள், எங்கே ஆள் இல்லையோ அங்கே கொடுக்கிறாள், ஒவ்வொரு தடவையும். ஹேமாவுக்குக் கொடுத்த பதினாலும் அப்படித்தான். பதினாலும் சரியான பந்து. தப்பான பந்து என்று ஒன்றைக்கூட அவள் இன்று கொடுக்கவில்லை. ஜெபக்கனி படியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷந்தான், வேறென்ன, சுத்தமான சந்தோஷம். இதை ஏன் இந்த மைதானத்தில் வேறு ஒருத்தரும் பார்க்கவில்லை. அவர்கள் கையைப் பார்க்கிறார்கள். கையைத் தூக்குவது யார் என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த முள் இல்லாவிட்டால் அவளும் பட்டாணி தின்றுவிட்டுத்தான் போயிருப்பாள். குத்தினால் குத்தட்டும், அதனால்தான் கண் தெரிகிறது. ஈரோடு வேறு, இது வேறு என்று பிரித்துப்பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. பந்து சரியா, சரி. எங்கள் பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறதா, இருக்கிறது. எங்கள் அணியில் அடிக்கிற பிரிஸ்கில்லா எம்பினால் வலைக்கு மேல் முழங்கை தெரியும், மூன்று வருஷமாக அவளைத் தேருக்காகக் காத்து நிற்கவைத்திருக்கிறோம்.

ஹேமா பட்டை சுற்றிக்கொண்டு எழுந்தாள். பேச்சியை வெளியே கூப்பிட்டார்கள். அவள் நின்ற ஐந்து பந்தில் அணிக்கு நாலு பாயிண்ட் வந்திருந்தது, அவளைக் கேப்டனுக்கு மரியாதை கொடுத்து உட்காரவைத்தார்கள், அவளும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதற்கப்புறம் நடந்தது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். வைப்பாறுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து நாலு. கடைசிப் பந்து இசக்கியின் கைக்கு வந்தது. ஒரு நொடி அவள் ஹேமாவைப் பார்த்தாள், அவள் எங்கே நிற்கிறாள் என்பதையும் பார்த்தாள், இரண்டடி பின்னால். உயரத் தூக்கியிருக்கலாம். தோற்கப்போகிற ஆட்டம், தூக்கிக் கொடுத்தால் திட்டாவது மிச்சமாகும். தூக்கவில்லை. எங்கே ஆள் இல்லையோ அங்கேயே கொடுத்தாள், வந்தால் வா என்று. ஹேமாவின் விரல்நுனியில் பட்டுப் பந்து வெளியே போனது. விசில். இசக்கியின் வலதுகை தோளுக்கு மேல் எழுந்தது. சிமெண்டுப் படியில் ஜெபக்கனியின் கையும் எழுந்தது. யோசித்துத் தூக்கியது என்று சொல்ல முடியாது, ஆனால் எழுந்தபின் அவள் அதை இறக்கவில்லை, நன்றாக, முழங்கை நேராக, ஈரோட்டிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். நயினார் சார் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரக் கூப்பிடுதீய டீச்சர்?"

"யாரையும் இல்ல சார். அந்தப் பந்து என் தப்பு."

அவர் பட்டாணிப் பொட்டலத்தை மடித்துவிட்டார், ஜெபக்கனிக்குத் தெரிந்து முதல் தடவையாக. அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள், இரண்டிரண்டு படியாக, நாற்பத்து மூன்று வயது முழங்கால் என்னை ஏன் கேட்கவில்லை என்று முனகியது, அதைக் கேட்க நேரமில்லை. கேப்டன்கள் இரண்டு பேரும் மேஜையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள், நடுவர் பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். மைதானத்தின் ஓரமாக ஓடினால் சுற்று, அதனால் குறுக்கே கோர்ட்டுக்குள்ளேயே இறங்கி ஓடினாள், வலையைக் குனிந்து கடந்தபோது யாரோ அதட்டினார்கள். வைப்பாறு கேப்டன் கையெழுத்துப் போட்டாயிற்று. ஹேமா பேனாவை வாங்கிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி மேஜையில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு, அண்ணாச்சி, கடிதத்தைக் கொடுங்கள் என்றாள். அண்ணாச்சி பையிலிருந்து எடுத்தார், ஆனால் கையை விடவில்லை.

"நல்லா யோசிச்சியாம்மா? மூணு செட்டு தோத்த பிள்ளை."

"அவ தோக்கல அண்ணாச்சி. அவ பந்து ஜெயிச்சிட்டு நின்னுச்சு, ஆளுதான் வந்து சேரல."

அண்ணாச்சிக்கு விளங்கியதோ இல்லையோ, அவள் முகத்தைப் பார்த்தார், கடிதத்தை விட்டார். நடுவர் வாங்கி நேரத்தைக் குறித்து முத்திரை குத்தினார். அதற்கப்புறம்தான் ஹேமாவின் கையெழுத்து விழுந்தது. ஜெபக்கனிக்குக் காற்று முகத்தில் அடித்தது ரொம்ப நன்றாக இருந்தது. சாயங்காலம் மரகதத்தின் நம்பரை யாரிடமாவது வாங்க வேண்டும், நீ சொன்னது சரிதான் என்று ஒரு வரி, அவ்வளவுதான், ரசம் வருகிறதுக்குள் சொல்லிவிட வேண்டும். பெஞ்சின் மூலையில் இசக்கி தனியாக உட்கார்ந்து சுண்டுவிரல் பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி போய் விஷயத்தைச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள், சிரிக்கவில்லை, ஒப்புக்காகக்கூடச் சிரிக்கவில்லை, ஜெபக்கனியை நேராகப் பார்த்து, எல்லா இடத்திலும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது என்று பழகினவள் போலக் கேட்டாள்.

"மேடம், நான் குடுக்குற பந்து ரொம்ப முந்தி வருதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. உங்க டீம்லயும் மெதுவாக் குடுக்கணுமா?"

"வேண்டாம்" என்றாள் ஜெபக்கனி. "நாங்க முந்தி வாரோம்."